அபிராவின் பிரேரணையும் அம்மாவின் கோடையும்

நகர நிர்வாகங்களின் தொழில்நுட்பப் பிரிவுகளில் இப்போது நம் பிள்ளைகள் பலரைக் காண்கிறேன். இந்தக் குறிப்பு உங்களுக்கானது. வரைபடங்களும் வெப்பமூட்டிகளும் படித்துவிட்டு வருகிறீர்கள். ஒரு நாள் அரசியல்வாதி ஒருவரின் கேள்வி உங்கள் மேசைக்கு வரும். அதற்கு எப்படிப் பதில் எழுதுவது என்று எந்தக் கல்லூரியிலும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.

நான் அந்த மேசையை விட்டு இந்த மாதம் வேறு வேலைக்குப் போகிறேன். எனக்கு முப்பத்து நான்கு வயது. இப்படியானவற்றை ஓய்வு பெற்றவர்கள்தான் எழுதுவது வழக்கம். ஆனால் ஓய்வு பெறும் வரை காத்திருப்பவர்கள், தாங்கள் யாரைப் பார்த்துப் பொறாமைப்பட்டார்கள் என்பதை மறந்துவிடுகிறார்கள். நான் இன்னும் மறக்கவில்லை. அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன்.

சூரிச் மேட்டுநிலத்தில், ஊஸ்டரிலிருந்து ரயிலில் போய்வரக்கூடிய தூரத்தில் ஒரு நகரம். பெயர் வேண்டாம். அதன் பாடசாலைக் கட்டடங்களின் பராமரிப்பைத் திட்டமிடுவது என் வேலை. எந்தக் கூரையை எந்த ஆண்டில் மாற்றுவது, எந்தச் சுவருக்கு எப்போது வர்ணம் பூசுவது, கோடை விடுமுறையின் ஐந்து வாரங்களில் எந்தப் பாடசாலையை யார் அடியிலிருந்து முடிவரை கழுவித் துடைப்பது. இப்படி வரிசைப்படுத்தி வைத்தால்தான் எனக்கு நித்திரை வரும். கூரைகளைப் பற்றி இங்கே எதுவும் சொல்லப் போவதில்லை. அதை வேலையிடத்திலேயே கற்றுக்கொள்வீர்கள். இது கோடைத் துப்புரவைப் பற்றியது.

ஒரு குளிர்காலத்தில் எங்கள் நகரப் பாராளுமன்றத்துக்கு ஒரு பிரேரணை வந்தது. பதினாறு வயதைத் தாண்டிய மாணவர்களுக்குக் கோடை விடுமுறையில் நகரம் வேலை கொடுக்க வேண்டும், அவர்களின் சம்பளத்துக்கு ஆண்டுதோறும் பொதுப்பணத்தில் நிதி ஒதுக்க வேண்டும் என்பது அதன் சாரம். சிறிய விடயம் என்றுதான் நினைத்தேன். ஆனால் உள்ளூர்ப் பத்திரிகையின் வாசகர் பக்கம் வாரக்கணக்கில் அதைப் பற்றியே எழுதியது.

எதிர்த்தவர்களில் முக்கியமானவர், கராஜ் என்று இங்கே சொல்லும் வாகனத் திருத்தகம் ஒன்றின் உரிமையாளர், வலதுசாரிக் கட்சியின் உறுப்பினர். ஒவ்வொரு கோடையிலும் தன் திருத்தகத்தில் மாணவர்களைச் சேர்த்துத் தன் கையாலேயே சம்பளம் கொடுக்கிறார். அரசு வரிப்பணத்தில் வேலை கொடுத்தால் என்னிடம் யார் வருவான், இளைஞனுக்கு முதல் வேலையைத் தேடிப் பிடிக்கும் பழக்கமே போய்விடுமே என்று கேட்டார். அதை முட்டாள்தனமான வாதம் என்று சொல்ல முடியாது. மறுபக்கத்தில் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் எழுதினார்: தகப்பனுக்கு ஆட்களைத் தெரிந்த பிள்ளைக்கு ஒரு தொலைபேசி அழைப்பில் வேலை கிடைக்கிறது, தகப்பனுக்கு யாரையும் தெரியாத பிள்ளையின் விண்ணப்பத்துக்கு மறுமொழிகூட வருவதில்லை. இதுவும் உண்மை. நம் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இந்த இரண்டாவதை விளக்கத் தேவையில்லை.

பிரேரணையைக் கொண்டுவந்தவள் அபிரா.

அபிராவும் நானும் ஒரே தெருவில் வளர்ந்தோம். ஒரே வகுப்பு, சனிக்கிழமைகளில் ஒரே தமிழ்ப் பாடசாலை. அவளுடைய பெற்றோர் ரயில் நிலையத்துக்கு எதிரே தமிழ்க் கடை வைத்திருந்தார்கள். என் அம்மா நகரத்தின் பாடசாலை ஒன்றில் துப்புரவு வேலை செய்தார், இன்றும் செய்கிறார். நான் தொழிற்பயிற்சி முடித்து, வேலை செய்துகொண்டே கட்டடத் தொழில்நுட்பம் படித்தேன். அவள் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தாள், ஒரு கட்சியில் சேர்ந்தாள், நகரப் பாராளுமன்றத்துக்குத் தெரிவானாள். நான் எழுதும் அறிக்கைகளை வாசித்துக் கை உயர்த்துபவர்களில் அவளும் ஒருத்தியானாள்.

என் பொறாமை எங்கெங்கே இருந்தது என்று வரிசைப்படுத்தச் சொன்னால் முடியும். அவளுடைய குரல். சுவிஸ் ஜெர்மனில் பகிடி விட்டு உள்ளூர்க்காரரையே சிரிக்கவைக்கும் திறமை. நான் எல்லாவற்றையும் சரியாகச் சொன்னால் எதிரில் இருப்பவர்கள் குறிப்பெடுப்பார்கள். அவள் பாதி பிழையாகச் சொன்னாலும் நிமிர்ந்து கேட்பார்கள். இவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது ஒன்று இருந்தது. அவள் என் நினைவு ஒன்றை எடுத்துக்கொண்டாள்.

சிறுவயதில் கோடை விடுமுறை வந்தால் அம்மா என்னையும் துப்புரவு வேலைக்குக் கூட்டிக்கொண்டு போவார். வீட்டில் தனியே விட முடியாது. நம் ஆட்களின் பிள்ளைகள் பலருக்குக் கோடை முகாம் என்றால் அதுதான். கடையில் நின்றால் இனிப்புப் போத்தல்களைத் திறந்துவிடுகிறாள் என்று அபிராவையும் அவளுடைய அம்மா எங்களோடு அனுப்பிவிடுவார். கதிரைகளை மேசைகளில் தலைகீழாக அடுக்குவோம். மேசையின் அடியில் காய்ந்து கிடக்கும் சூயிங்கத்தைச் சுரண்டுவோம், யார் அதிகம் சுரண்டினார் என்று சண்டை பிடிப்போம். பாடசாலையின் கட்டடப் பொறுப்பாளரை இங்கே ஹவுஸ்வார்ட் என்பார்கள். அவர் எங்களைக் கண்டும் காணாதவர் போலப் போவார். அதை ஒருவரும் வேலை என்று சொல்லவில்லை.

அபிரா இதைத்தான் பத்திரிகைக்குச் சொன்னாள். பக்கத்து வீட்டு அன்ரி ஒருவரோடு கோடை முழுவதும் பாடசாலை கழுவியதாகவும், சம்பளமில்லாமல் செய்த அந்த வேலைதான் தனக்கு முதல் பாடம் என்றும், இன்றைய பிள்ளைகள் அதே வேலையைச் சம்பளத்தோடும் காப்புறுதியோடும் செய்ய வேண்டும் என்றும். பிரேரணையின் கருவே அதுதான். கோடைத் துப்புரவுக்கு மாணவர்களை எடுங்கள். நகரத்துக்குச் சொந்தமான வேலைகளில் அதுதான் பெரியது, அதற்கு முன் அனுபவமும் தேவையில்லை.

பத்திரிகைப் பக்கத்தை அம்மா வெட்டி ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்தார்.

"என்னைத்தான் சொல்லியிருக்கிறாள், பார்," என்றார்.

"பேர் போடேல்லையே அம்மா."

"பேர் என்னத்துக்கு? எனக்குத் தெரியும்தானே. என்ன வடிவா இருக்கிறாள் படத்திலை. நீயும் ஒருக்கா முடியை இப்பிடி விட்டுப் பாரன்."

"என்ரை படம் பேப்பரிலை வராது அம்மா. நான் கூரை ஒழுக்குப் பாக்கிறனான்."

"அதுவும் தேவைதானே பிள்ளை," என்றார் அம்மா, ஆறுதலாக.

அந்த ஆறுதலை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

இந்த நிலையில்தான் பிரேரணை என் மேசைக்கு வந்தது. நிர்வாகத்திடம் கேட்கப்பட்ட கேள்வி சுருக்கமானது: பாடசாலைகளின் கோடைத் துப்புரவில் மாணவர்களுக்குப் போதிய வேலை இருக்கிறதா? ஆம் என்று ஒரே சொல்லில் எழுதிவிடலாம். ஆனால் பொறாமை பிடித்தவள் வாசிப்பதைப் போல வேறு யாரும் வாசிப்பதில்லை. அந்தப் பிரேரணையைக் கட்சிக்காரர் ஒரு தடவை வாசித்திருப்பார்கள், எதிர்க்கட்சிக்காரர் தலைப்பை வாசித்திருப்பார்கள். நான் அதன் ஒவ்வொரு வரியிலும் அவளுடைய பிழை ஒன்று கிடைக்காதா என்று தேடினேன். கிடைத்தது.

துப்புரவுப் பெண்களுக்கு மணித்தியாலக் கணக்கில்தான் சம்பளம். பாடசாலை நாட்களில் அவர்களுக்குக் கிடைக்கும் நேரம் குறைவு. கோடைத் துப்புரவில்தான் நாள் முழுவதும் வேலை இருக்கும். அந்த ஐந்து வாரங்களையும் சேர்த்தால்தான் வருட வருமானம் தொழில் ஓய்வூதிய நிதியில் சேர்வதற்கான எல்லையைத் தாண்டும். தாண்டாவிட்டால் அந்த ஆண்டு அவர்களின் முதுமைக்கு எதுவும் சேராது. மாணவர்களின் சம்பளத்தையோ தனி நிதியிலிருந்து கொடுக்கச் சொல்கிறது பிரேரணை. அப்படியானால் பாடசாலைக்கு மாணவன் செலவில்லாமல் வரும் ஆள். செலவில்லாத ஆள் நிற்கும்போது மணித்தியாலத்துக்குச் சம்பளம் கொடுத்து யாரைக் கூப்பிடுவார்கள்? கெட்ட மனம் கொண்ட ஹவுஸ்வார்ட் தேவையில்லை. சிக்கனமான ஹவுஸ்வார்ட் போதும்.

எங்களில் ஒருத்திதான் இப்படியொரு பிழையை விட முடியும். தாயோடு வேலைக்குப் போகாத ஒரு சுவிஸ் பிள்ளைக்கு இந்த யோசனையே வந்திருக்காது. அபிராவின் நினைவில் பிள்ளைகளும் இருந்தார்கள், பக்கத்தில் அன்ரியும் இருந்தார். அவள் எழுதிய பிரேரணையில் பிள்ளைகள் மட்டும் இருந்தார்கள். அன்ரி எப்படியும் அங்கேதான் நிற்பார் என்று அவள் நம்பிவிட்டாள்.

அந்த அன்ரி என் அம்மா. அவருக்கு ஓய்வு பெற இன்னும் சில ஆண்டுகளே இருந்தன.

முதலில் செய்ய வேண்டியதைச் செய்தேன். எங்கள் துறைத் தலைவரிடம் போனேன். அதிகம் பேசாத சுவிஸ்காரர். பேசினால் மேசையில் இருக்கும் பென்சிலைப் பார்த்துத்தான் பேசுவார்.

"இந்தத் துப்புரவுப் பெண்களில் ஒருவர் என் தாய்," என்றேன்.

"அப்படியானால் இந்த அறிக்கையில் நீங்கள் கையொப்பமிட முடியாது. நான் இடுகிறேன். உங்கள் தாயைப் பற்றி முதல் பக்கத்திலேயே ஒரு வரி போட்டுவிடுவோம். எண்களை நீங்களே எழுதுங்கள், நான் சரிபார்க்கிறேன். வேறு ஏதாவது?"

"பிரேரணை கொண்டுவந்தவர் என் சிறுவயதுத் தோழி."

"அதற்கு விதி இல்லை. இந்த நகரத்தில் எல்லோரும் யாரோ ஒருவரின் தோழர்தான்." பென்சிலை நகர்த்தி வைத்தார். "அவரிடம் விளக்கம் கேட்டுவிட்டீர்களா?"

இதைப் புதியவர்களுக்கு விளக்க வேண்டும். பிரேரணை ஒன்றுக்கு அறிக்கை எழுதும்போது, அதில் குழப்பமான இடம் இருந்தால் கொண்டுவந்தவரைச் சந்தித்துக் கேட்பது எங்கள் அலுவலக வழக்கம். விதி அல்ல, வழக்கம். நான் ஒவ்வொரு உறுப்பினரையும் அப்படிச் சந்தித்திருக்கிறேன். கராஜ்காரரைக்கூட, அவருடைய பிரேரணை ஒன்றுக்காக.

"இன்னும் இல்லை," என்றேன்.

"எல்லோரையும் கேட்பீர்களே," என்றார். அவ்வளவுதான். வேறு கோப்பு ஒன்றை எடுத்துவிட்டார்.

மேசைக்குத் திரும்பி வந்து, என்ன நடக்கலாம் என்று வரிசைப்படுத்தினேன். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் எழுதினால், பிரேரணை வெல்லும், அம்மா கோடையை இழப்பார். அபிராவிடம் சொல்லாமல் அறிக்கையில் எழுதினால், எல்லா உறுப்பினர்களுக்கும் அது ஒரே நாளில் போகும். அதன்பிறகு கட்சிக்குள் பேசித் திருத்தம் கொண்டுவர அவளுக்கு நேரம் போதாது. கராஜ்காரர் அந்தப் பக்கத்தை உயர்த்திப் பிடித்தால் பிரேரணை முழுவதும் விழும். மாணவர்களுக்கு எதுவும் இல்லை, அம்மாவின் மணித்தியாலங்கள் அப்படியே இருக்கும், அபிரா சபை நடுவில் வாயடைத்து நிற்பாள். மூன்றாவது, அவளிடம் முதலிலேயே சொல்வது. அப்படிச் செய்தால் அவள் திருத்திக்கொள்வாள், எல்லாம் காப்பாற்றப்படலாம், பெயர் அவளுக்கு.

இரண்டாவது வழி என் அம்மாவுக்கும் நல்லது, என் பொறாமைக்கும் நல்லது. அதில் ஒரு விதியும் மீறப்படவில்லை. நடுநிலையான அலுவலர் உறுப்பினர் எவருக்கும் முன்கூட்டித் தகவல் சொல்லாதிருப்பதே அழகு என்றுகூட ஒரு வாக்கியம் மனதில் தயாராக வந்தது. அவ்வளவு தயாராக வந்ததுதான் என்னை நிறுத்தியது. கராஜ்காரரைச் சந்தித்தபோது அந்த வாக்கியம் எங்கே போயிருந்தது?

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இது. நெருக்கடியில் விதியை மட்டும் பார்க்காதீர்கள். பிடித்தவர், பிடிக்காதவர் எல்லோருக்கும் நீங்கள் வழக்கமாக என்ன செய்கிறீர்கள் என்று பாருங்கள். அதை இவருக்கும் செய்யுங்கள். மனம் சுத்தமாகும் வரை காத்திருக்க வேண்டாம். காத்திருந்தால் நான் இன்னும் காத்துக்கொண்டுதான் இருப்பேன்.

ரயில் நிலையத்துக்கு அருகில் இருக்கும் பேக்கரியில் சந்தித்தோம். அபிரா உள்ளே வருவதற்குள் மூன்று பேர் அவளுக்கு வணக்கம் சொல்லிவிட்டார்கள்.

"என்னடி, ஒஃபிஷியலா மெயில் போட்டுக் கூப்பிடுறாய்? 'மதிப்புக்குரிய உறுப்பினர்' எண்டு வேறை. நான் பயந்தே போனன்."

"எல்லாருக்கும் அப்பிடித்தான் போடுறது."

"சரி, மதிப்புக்குரிய கௌசி, சொல்லு."

"கோடையிலை பள்ளிக்கூடம் கழுவுறது ஆர்?"

"இதென்ன சோதினையோ? ஹவுஸ்வார்ட். அவரோடை நிக்கிற அன்ரிமார்."

"நீ கேக்கிற மாணவர் வந்தால் அன்ரிமார் எங்கை போவினம்?"

"அவையும் நிப்பினம்தானே. நாங்கள் போகேக்கை அன்ரி நிக்கேல்லையோ?"

"நிண்டவ. அப்ப எங்களுக்கு ஒருத்தரும் சம்பளம் தரேல்லை. இப்ப இந்தப் பிள்ளையளுக்குத் தனி நிதியிலை இருந்து சம்பளம் வருது. பள்ளிக்கூடத்துக்கு அவை சும்மா வாற ஆக்கள். பேந்து ஏன் அன்ரிமாரைக் கூப்பிடுவினம்? நாங்கள் அண்டைக்கு அம்மான்ரை பக்கத்திலை நிண்டனாங்கள். உன்ரை பிரேரணையிலை பிள்ளையள் அம்மான்ரை இடத்திலை நிக்கப்போகினம்."

அவள் கோப்பிக் கரண்டியைக் கீழே வைத்தாள். விரைவாகப் பிடித்துக்கொள்ளும் மூளை அவளுக்கு. அதுவும் என் பொறாமை வரிசையில் ஒன்று. ஓய்வூதிய எல்லையைப் பற்றி நான் பாதி சொல்லும்போதே மீதி அவளுக்கு விளங்கிவிட்டது.

"இதை அறிக்கையிலை போடப்போறியோ?"

"ஓம்."

"போடாதை. இப்ப போடாதை, கௌசி. முதல் பாஸ் ஆகட்டும், பேந்து நான் திருத்துறன். சத்தியமாத் திருத்துறன். இதைக் கண்டால் அந்தக் கராஜ்காரர் முழுசையும் கிழிச்சுப் போடுவார்."

"தெரியும். அதுக்குத்தான் இப்பவே சொல்லுறன். அறிக்கை போக இன்னும் நேரம் இருக்கு. நீ முந்தித் திருத்து."

"உனக்கென்ன, நீ லேசாச் சொல்லிப்போடுவாய். எங்கடை கட்சிக்குள்ளை இதுக்கு ஆக்களைச் சேர்க்க நான் பட்ட பாடு உனக்குத் தெரியுமோ? திரும்பிப் போய், நான் பிழை விட்டிட்டன் எண்டு அவைக்கு முன்னாலை சொல்லோணும்."

"ஓம். சொல்லோணும்."

கோப்பையைத் தள்ளி வைத்தாள். "நீ எரிச்சலிலை செய்யிறாய்."

"எரிச்சல் இருக்கு," என்றேன். "சின்னனிலை இருந்தே இருக்கு. எரிச்சல் இல்லாத ஆள் இதை இவ்வளவு கவனமா வாசிச்சிருக்காது. அதை விடு. நான் சொன்னது சரியோ பிழையோ, அதைச் சொல்லு."

அவள் கைப்பையை எடுத்தாள். எழுந்த பிறகு, "அன்ரிக்குத் தெரியுமோ?" என்று கேட்டாள்.

"ஒஃபீஸ் விசயம். வீட்டிலை சொல்லேலாது."

"அப்ப அவவுக்கு நான் இன்னும் நல்ல பிள்ளை."

"உன்ரை படம் ஃபிரிட்ஜிலை இருக்கு."

சிரிப்பாள் என்று நினைத்தேன். போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் போய்விட்டாள்.

பிறகு அவளிடமிருந்து ஒரு செய்தியும் வரவில்லை. அறிக்கையை எழுதினேன். அதில் ஒரு வரி முதலில் இப்படி வந்தது: பிரேரணையாளர் இதைக் கவனிக்கத் தவறிவிட்டார். உண்மைதான். ஆனால் 'தவறிவிட்டார்' என்று எழுதும்போது எனக்குள் இனித்தது. அழித்துவிட்டு, தற்போதைய பணியாளர்களின் கோடை மணித்தியாலங்கள் இதனால் குறையக்கூடும் என்று எழுதினேன். நீங்களும் இதைச் செய்துபாருங்கள். ஓர் அறிக்கையில் எந்தச் சொல் எழுதும்போதே இனிக்கிறதோ, அந்தச் சொல் அறிக்கைக்குத் தேவையில்லாதது.

வீட்டில்தான் கஷ்டம். ஹவுஸ்வார்ட் இந்தப் பிரேரணையைப் பற்றி அம்மாவிடம் சொல்லியிருந்தார்.

"இனிக் கோடைக்குப் பிள்ளையள் வருவினமாம்," என்றார் அம்மா, கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டு. "வந்தால் நல்ல கலகலப்பா இருக்கும். நீங்கள் ரெண்டு பேரும் வாற மாதிரி."

"ம்."

"என்ன 'ம்'? பிள்ளையளுக்கு நல்லதுதானே. அபிரா ஒண்டைச் செய்தால் யோசிச்சுத்தான் செய்வாள்."

அம்மாவும் அதே பிழையை விட்டார். தான் அங்கே நிற்பேன் என்றுதான் அவரும் நினைத்தார். நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். அலுவலக இரகசியம் என்ற சொல்லைப் பயிற்சி வகுப்பில் படிக்கும்போது அது பூட்டிய அலுமாரி போலத் தோன்றும். உண்மையில் அது இப்படித்தான் இருக்கும். தாய் வெங்காயம் வெட்டுவார், மகள் தண்ணீர் குடிப்பாள்.

விவாதத்துக்கு அம்மாவும் வந்தார். வேலை முடிந்து வீட்டுக்குப் போய், கல்யாண வீடுகளுக்குப் போடும் மேலங்கியைப் போட்டுக்கொண்டு வந்து, பார்வையாளர் மாடத்தில் முன் வரிசையில் உட்கார்ந்தார். என்னைப் பார்க்க அல்ல. துறைத் தலைவரும் நானும் கீழே பக்கவாட்டில் நிர்வாகத்துக்கான கதிரைகளில் இருந்தோம். அம்மாவின் பெயரோ மற்றப் பெண்களின் பெயரோ அறிக்கையில் இல்லை. ஆனால் அந்த மண்டபத்தில் என்ன தீர்மானிக்கப்படப் போகிறது என்பது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. கராஜ்காரரின் மேசையில் எங்கள் அறிக்கை கிடந்தது. அதன் ஒரு பக்கத்தில் மஞ்சள் ஒட்டுத்தாள் நீட்டிக்கொண்டு நின்றது. அது எந்தப் பக்கம் என்று எனக்குத் தூரத்திலிருந்தே தெரிந்தது.

"உங்கள் தோழி திருத்தம் ஏதும் கொடுத்திருக்கிறாரா?" என்று துறைத் தலைவர் மெல்லக் கேட்டார்.

"தெரியாது," என்றேன். ஆனால் அவள் திருத்தாவிட்டால் என்ன நடக்கும் என்பது தெரியும். அவள் விழுவாள், அம்மா தப்புவார், மாணவர்களுக்கு ஒன்றும் இல்லை. இதில் எதை நான் விரும்பினேன் என்று அந்த நேரத்தில் யாராவது கேட்டிருந்தால் நேர்மையான பதில் சொல்லியிருக்க மாட்டேன்.

பிரேரணையாளருக்குத்தான் முதல் உரை. அபிரா எழுந்தாள். தாள் எதுவும் கையில் இல்லை.

சிறுவயதில் ஒரு அன்ரியோடு பாடசாலை கழுவிய கதையைச் சொல்லித் தொடங்கினாள். மேலே அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு அபிரா சொன்னாள்: "அன்று நான் அந்தப் பெண்ணின் பக்கத்தில் நின்றேன். நிர்வாகத்தின் அறிக்கையை வாசித்தபோது ஒன்று விளங்கியது. நான் எழுதிய பிரேரணை, பிள்ளைகளை அந்தப் பெண்ணின் இடத்தில் நிறுத்துகிறது. அது என் பிழை. அதனால் என் பிரேரணையை நானே திருத்துகிறேன்."

பிறகு மேசையிலிருந்த தாளை எடுத்துத் திருத்தத்தை வாசித்தாள். துப்புரவுப் பணியாளர் எவரின் கோடை மணித்தியாலமும் குறைக்கப்படக் கூடாது. மாணவர்கள் அவர்களுக்கு மேலதிகமாக மட்டுமே சேர்க்கப்படலாம். தளபாடம் நகர்த்துவது, வேலிகளுக்கு வர்ணம் பூசுவது, நூலகத்தைத் திரும்ப அடுக்குவது, நீச்சல் குளத்தில் உதவுவது போன்ற வேலைகளே முதலில் அவர்களுக்கு. கட்சிக்குள் அவள் என்ன பாடுபட்டிருப்பாள் என்பது அந்த வாசகத்தின் இறுக்கத்தில் தெரிந்தது. நான் எழுதியிருந்தாலும் அதைவிடச் சரியாக எழுதியிருக்க முடியாது. இதைச் சொல்வது எனக்குச் சுகமாக இல்லை.

பக்கத்தில், இடத்தில். பேக்கரியில் நான் சொன்ன வாக்கியம். என் வாயில் அது ஒரு கணக்கு. அவளுடைய வாயில் அதைக் கேட்டு மண்டபமே அசையாமல் இருந்தது. நிர்வாகத்தின் அறிக்கைக்கு நன்றி சொன்னாள். சபை வழக்கப்படி எழுதியவரின் பெயர் சொல்லப்படுவதில்லை.

கராஜ்காரரின் முறை வந்தது. மஞ்சள் தாளை அறிக்கையிலிருந்து உரித்து எடுத்து, விரலில் ஒட்டிக்கொண்டு நின்றார்.

"நான் கேட்க வந்த கேள்வியை உறுப்பினரே கேட்டுவிட்டார்," என்றார். சிலர் சிரித்தார்கள். "ஆனாலும் வேலை கொடுப்பது அரசின் வேலை அல்ல என்ற என் கருத்து மாறவில்லை. எதிர்த்துத்தான் வாக்களிப்பேன். முன்பு இருந்த அளவு கோபத்தோடு அல்ல."

ஓய்வு பெற்ற ஆசிரியை பேசினார். நிதிக்குப் பொறுப்பானவர் பேசினார். இன்னும் சிலர் பேசினார்கள். வாக்கெடுப்பில் திருத்தப்பட்ட பிரேரணை சிறிய பெரும்பான்மையில் வென்றது. மாடத்தில் கைதட்டினார்கள். சபைத் தலைவர் மணியை அடித்து அமைதியாக இருக்கச் சொன்னார். அம்மாவுக்கு மணி கேட்டதாகத் தெரியவில்லை.

வெளியே படிக்கட்டில் அம்மா அபிராவைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். "எங்களை யோசிச்சியே பிள்ளை," என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அம்மாவின் தோளுக்கு மேலாக அபிரா என்னைப் பார்த்தாள்.

"அன்ரி, இது கௌசிதான்..." என்று தொடங்கினாள்.

"ஓம், ஓம், அவளும் வந்தவள்," என்றார் அம்மா. "பாவம், வேலையாலை வந்த களைப்போடை கடைசிவரைக்கும் இருந்து நீ கதைச்சதைக் கேட்டவள்."

அபிரா மறுபடியும் வாயைத் திறந்தாள். நான் தலையை ஆட்டி வேண்டாம் என்றேன். பெருந்தன்மை என்று நினைத்துவிடாதீர்கள். அவள் சொல்லி எனக்குக் கிடைக்கும் புகழ் எனக்கு வேண்டியிருக்கவில்லை. அதையும் அவள்தான் கொடுத்ததாக ஆகிவிடும்.

அம்மாவும் நானும் வீட்டுக்கு நடந்தோம். அவர் அபிரா பேசியதை முதலிலிருந்து கடைசிவரை எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தார், நான் அங்கே இல்லாதது போல. எங்கள் தெருவுக்குத் திரும்பும் இடத்தில் நின்றார்.

"நான் மேலை இருந்து பாத்தனான்," என்றார். "எல்லாரும் கை தட்டேக்கை நீ மட்டும் சும்மா இருந்தனி. ஏன் பிள்ளை?"

"நிர்வாகத்திலை வேலை செய்யிற ஆக்கள் சபையிலை கை தட்டக் கூடாது அம்மா."

"அப்பிடியே? எனக்கு அது தெரியாது," என்று ஏற்றுக்கொண்டார் அம்மா.

அது உண்மையான விதி. வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே உங்களுக்கும் சொல்வார்கள். எத்தனையோ விதிகளை நான் பல்லைக் கடித்துக்கொண்டு கடைப்பிடித்திருக்கிறேன். அந்த ஒன்றை மட்டும் மனதாரக் கடைப்பிடித்தேன்.